தம்புரா பேட்ச்: இரண்டு லேப்டாப்புக்கு நடுவே ஓடும் செய்தி

பெட்டிகளை வயரால் இணைத்து ஒலி நிரல் எழுதும் ப்யூர் டேட்டா என்ற மென்பொருளில் போட்டுக்கொண்டிருந்த தம்புரா பேட்ச் (அப்படி எழுதிய நிரலுக்குப் பெயர் பேட்ச்) இப்போது இரண்டு மெஷினில் ஓடுகிறது. பழைய லேப்டாப் ஸ்பீக்கரோடு கூடத்தில் உட்கார்ந்து சத்தம் தருகிறது. சுருதி, வால்யூம், ஆன்–ஆஃப் எல்லாம் என் மேஜையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து வீட்டு வைஃபை வழியாகப் போகிறது. சத்தம் தரும் பகுதியில் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு; ஒரு கட்டை சுருதிக்கு ஸ 130.8 ஹெர்ட்ஸ், ப அதில் ஒன்றரை மடங்கு, 196.2. மண்டையைக் குடைந்தது நடுவே போகும் செய்திதான்.

முதலில் ஃப்யூடியில் செய்தேன். அது செய்தி அனுப்ப ப்யூர் டேட்டாவின் சொந்த முறை: வெறும் எழுத்தாகப் போகும், முடிவில் ஒரு அரைப்புள்ளி. ஒரு பக்கம் அனுப்பும் பெட்டி நெட்செண்ட், மறுபக்கம் வாங்கும் பெட்டி நெட்ரிசீவ், கனெக்ட் என்ற மெசேஜில் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் ப்யூர் டேட்டாதான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எனக்குப் போனிலிருந்தும் இதே தம்புராவை இயக்க ஆசை, அதனால் ஓஎஸ்சிக்கு (ஓப்பன் சவுண்ட் கண்ட்ரோல்) மாறினேன். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சிஎன்மேட் என்ற இசை ஆய்வு மையத்தில் மேட் ரைட்டும் ஏட்ரியன் ஃப்ரீடும் 1997இல் முன்வைத்த முறை இது. பல இசை மென்பொருள்களுக்கு இது புரியும்.

நெட்ரிசீவில் யூடிபி (சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை), பைனரி (எழுத்தாக அல்லாமல் பைட்டாக வாங்குவது) இரண்டு ஆப்ஷனையும் போட்டு, நேராக ஒரு பிரிண்ட் பாக்ஸில் சொருகிப் பார்த்தேன். கன்சோலில் வந்தது இது:

47 115 114 117 116 105 0 0 44 102 0 0 67 2 204 205

மொத்தம் 16 பைட். 47 என்பது சாய்கோடு. அடுத்த ஐந்தும் சுருதி என்பதன் ஆங்கில எழுத்துகள், எஸ், ஆர், யு, டி, ஐ. ஓஎஸ்சியில் எல்லாம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், அதனால் ஆறு எழுத்தை எட்டாக்க இரண்டு பூஜ்யம். 44 காற்புள்ளி, 102 எஃப்: ‘பின்னால் வருவது ஒரு தசம எண்’ என்ற அறிவிப்பு. கடைசி நான்கு பைட்தான் 130.8. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் ஓஎஸ்சி மேல் இருக்கும் பயம் போய்விடும்.

இந்த பைட்டுகளை ஓஎஸ்சிபார்ஸ் என்ற பெட்டி பெயரும் எண்ணுமாகப் பிரித்துத் தரும். அதன் பிறகு லிஸ்ட் ட்ரிம் பெட்டி கட்டாயம். இல்லாவிட்டால் செய்தியின் தலையில் லிஸ்ட் என்ற சொல் ஒட்டிக்கொண்டே வரும், பெயரைப் பார்த்துச் செய்தியைப் பிரித்து அனுப்பும் ரூட் பாக்ஸ் சுருதி என்ற பெயரை அடையாளம் காணாது. எரர் எதுவும் வராது, பேசாமல் இருக்கும்.

சுவாரசியமான சிக்கல் அடுத்து வந்தது. கூடத்து லேப்டாப்பிலும் சுருதியை மாற்ற வேண்டும், மாற்றினால் மேஜையிலும் எண் மாற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு எண் பெட்டி, இரண்டும் ஒன்றுக்கொன்று அனுப்பும். ஒரே பேட்சுக்குள் இப்படி வட்டமாக வயர் போட்டால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று ப்யூர் டேட்டா உடனே கத்தும். நெட்வொர்க் வழியாகப் போகும் வட்டம் அதன் கண்ணில் படாது, ஒவ்வொரு முறையும் அது ஒரு புதுச் செய்தி. மதிப்பு மாறாதவரை காதுக்கும் தெரியாது. நடுவில் 146.8க்கு மாற்றியதும் பழைய 130.8ம் புதியதும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன. தம்புரா ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே நடுங்கியது.

சேஞ்ச் பாக்ஸ் போட்டால் தீராது. அது அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்பைத்தான் தடுக்கும், இங்கே வருவதோ மாறி மாறி. மருந்து செட். நெட்வொர்க்கிலிருந்து வந்த எண்ணை செட் மெசேஜாகப் பெட்டிக்குள் அனுப்பினால் பெட்டி காட்டும், வெளியே விடாது. கை வைத்து மாற்றினால் மட்டுமே செய்தி கிளம்பும். சத்தத்துக்குப் போகும் வயரை மட்டும் பெட்டிக்கு முன்னாலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, வரிசை. ஒரு பேட்சுக்குள் ஒரு செய்தி கடைசிவரை போய் முடிந்த பிறகே அடுத்தது கிளம்பும், வரிசைப்படுத்தும் ட்ரிகர் பெட்டி போட்டால் வலமிருந்து இடமாக எல்லாம் கட்டுக்குள் இருக்கும். அந்த நம்பிக்கை நெட்செண்டோடு முடிந்தது. யூடிபியில் போனது வந்து சேரும் என்றோ போன வரிசையில் வரும் என்றோ எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் சுருதி, வால்யூம், ஆன்–ஆஃப் மூன்றையும் தனித்தனியாக அனுப்புவதை விட்டு ஒரே செய்தியில் மூன்று எண்ணாக அனுப்புகிறேன். வந்தால் மூன்றும் சேர்ந்து வரும், தொலைந்தால் மூன்றும் சேர்ந்து தொலையும். ஆன்–ஆஃபுக்கு பேங் (எண் எதுவும் இல்லாத, வெறும் தட்டல் போன்ற செய்தி) அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். ஒரு பேங் வழியில் போய்விட்டால் இங்கே ஆஃப், அங்கே ஆன் என்று தலைகீழாகிவிடும். 0 அல்லது 1 என்று நிலையையே சொல்லி, குறித்த இடைவெளியில் தட்டும் மெட்ரோ பெட்டி வைத்து அரை வினாடிக்கு ஒருமுறை திரும்பவும் சொல்லிவிட்டால் ஒன்று தொலைந்தாலும் அடுத்தது சரிசெய்துவிடும். சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபிக்கு மாறலாமே என்றால், தம்புராவுக்கு அரை வினாடி பொறுமை உண்டு, எனக்கு இதுவே போதும்.

வைஃபையில் செய்திகள் கொத்துக் கொத்தாக வருவதால் வால்யூம் படிப்படியாக ஏறி கரகரத்தது. எண்ணை, மதிப்பைச் சீராக நகர்த்தும் லைன் டில்டே பெட்டி வழியாக 50 மில்லிசெகண்டில் நகர விட்டதும் அடங்கியது. ரவுட்டரில் கூடத்து லேப்டாப்புக்கு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கியாயிற்று. ஃபயர்வாலில் போர்ட்டையும் திறந்தாயிற்று.

அடுத்து போன். அங்கே உள்ள ஸ்லைடர் 0 முதல் 1 வரைதான் அனுப்பும். அதைக் கட்டையாக மாற்றும் கணக்கைத் தம்புரா பக்கமே வைத்துக்கொள்ளப் போகிறேன். அரை அரையாகக் கூட்டிக்கொண்டே போக முடியாது. ஹார்மோனியத்தில் மூன்றுக்கு அடுத்தது நேராக நான்கு கட்டைதான், மூன்றரை கிடையாது. இந்த விவரத்தை அனுப்பும் ஒவ்வொரு கருவிக்கும் சொல்லிக்கொடுப்பதைவிட வாங்கும் இடத்தில் ஒரு அட்டவணை போட்டுவிடுவது லேசு.