துக்கூவிலிருந்து பள்ளிக்கு ஒரு சிறுமி

பெத்லகேமில் காது கேளாத பாலஸ்தீனப் பிள்ளைகளுக்கான சிறிய பள்ளி ஒன்றில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து, துறவற சபை வழியாக இங்கே வந்தவள். பள்ளியின் செலவில் பெரும்பகுதியை வெளிநாட்டு அறக்கட்டளைகளும் திருப்பயணிகளின் காணிக்கையும்தான் தாங்குகின்றன. ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள அங்கே என்னதான் செய்ய வேண்டியிருக்கிறது என்று ஊரிலிருந்து பலர் கேட்கிறார்கள். பெத்லகேமுக்கு அருகிலுள்ள துக்கூ என்ற ஊரிலிருந்து வந்த ஒரு சிறுமியின் சேர்க்கையை மட்டும் சொல்கிறேன். இறைவாக்கினர் ஆமோசின் ஊராக விவிலியத்தில் வரும் தெக்கோவா இந்தப் பகுதிதான்.

2023 தொடக்கத்தில் அவளுடைய தாய் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நகல்கள், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்தார். பிள்ளைக்கு நான்கு வயது, ஒரு சொல்கூடப் பேசவில்லை. தாய் முன்பே ஒரு மருத்துவரிடம் காட்டியிருந்தார். "சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்" என்று சொல்லி அவர் அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. மூளையில் மொழி பெரும்பாலும் ஊன்றுவது முதல் மூன்று ஆண்டுகளில்தான். அந்தக் காலம் முழுவதும் இந்தப் பிள்ளைக்கு வீணாகப் போயிருந்தது.

முதலில் விளையாட்டு முறையில் சோதித்தோம். ஹெட்போனில் ஒலி கேட்டால் ஒரு பாசிமணியை எடுத்துக் கூடையில் போட வேண்டும். அவள் வரிசையாகச் சரியாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒலி வரும்போதெல்லாம் என் கண் இலேசாக அசைந்திருக்கிறது, அதைப் பார்த்துப் போட்டிருக்கிறாள்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் கை நின்றுவிட்டது. அவளுடைய அறிவுக்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் கேட்கும் அளவைத் துல்லியமாக அறிய, தூங்கவைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனை வேண்டும். அதற்கான தேதி கிழக்கு எருசலேமில் ஒரு மருத்துவமனையில் கிடைத்தது.

பெத்லகேமிலிருந்து எருசலேம் சுமார் பத்து கிலோமீட்டர். மேற்குக் கரை அடையாள அட்டை வைத்திருப்பவர் அங்கே போகப் பொதுவாக இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டும். மருத்துவமனையின் கடிதத்தோடு பாலஸ்தீன அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், அது அங்கிருந்து இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்துக்குப் போகும். பிள்ளைக்கு ஒன்று, துணைக்கு ஒன்று எனத் தனித்தனியாக அனுமதி வர வேண்டும். தந்தையின் மனு காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்டது. தாயின் மனுவுக்குப் பதில் வருவதற்குள் சோதனைத் தேதி கடந்துவிட்டது. இளம் பெற்றோர் விஷயத்தில் இங்கே இது அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது தேதி வாங்கி, துணையாகப் பாட்டியின் பெயரைக் கொடுத்தோம். வயதானவர் என்பதால் அவருக்கு அனுமதி வந்தது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலிலேயே தாத்தா பாட்டியின் பெயரையும் யோசித்துக்கொள்வது நல்லது.

சோதனைக்கு முந்தைய இரவு பிள்ளையைத் தூங்கவிடக் கூடாது. விடிவதற்கு முன்பே 300 என்ற எண்ணால் எல்லோரும் அறிந்த சோதனைச் சாவடிக்குப் போய் நின்றோம். வரிசையிலேயே அவள் பாட்டியின் தோளில் சாய்ந்து தூங்கப் பார்த்தாள். மருத்துவமனையில் தூங்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுப்பிக்கொண்டே இருந்தோம். ஒலிபெருக்கியில் கட்டளைகள் வந்துகொண்டிருந்தன. அவளுக்கு அவற்றில் ஒன்றும் கேட்கவில்லை. இரும்புச் சுழல்கதவைத் தாண்டும்வரை பாட்டி அவளுடைய மணிக்கட்டை விடவில்லை.

இரண்டு காதிலும் இழப்பு 90 டெசிபலுக்கு மேல் என்று முடிவு வந்தது. சாதாரணப் பேச்சொலி எதுவும் அவளை எட்டியதே இல்லை. பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மருமகள் வீட்டுக் குறை இது" என்றார்.

அவர் அருகில் உட்கார்ந்து ஒரு தாளில் வரைந்து காட்டினேன். "ஹஜ்ஜா, உங்கள் மகனும் மருமகளும் அண்ணன் தம்பி பிள்ளைகள். இந்த வகைக் காது கேளாமை வர, தாயிடமிருந்து ஒரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒரு மரபணுவும் சேர வேண்டும். பாதி உங்கள் மகனிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்" என்றேன். பெத்லகேம் பல்கலைக்கழகத்தில் மொயீன் கனானின் குழு, பாலஸ்தீனக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் காது கேளாமையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கமுள்ள நம் ஊரிலும் இதே பழி எத்தனையோ தாய்மார் தலையில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பாட்டி நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மகளே, இதை என் மகனிடமும் நீயே சொல்" என்றார். அப்படியே சொன்னேன்.

அடுத்தது பணம். வெளிநாட்டு அமைப்பு ஒன்று கேட்கும் கருவி இரண்டு தர முன்வந்தது. அதன் விண்ணப்பத்தில் பிள்ளையின் துயரத்தைக் காட்டும் படம் கேட்டார்கள். மணிக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படத்தை அனுப்பினேன், அதற்கே கருவிகள் வந்தன. ஆனால் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? காதுக்குள் பொருந்தும் மோல்டை ஒவ்வொருவருக்கும் தனியாக அச்செடுத்துச் செய்ய வேண்டும். வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களில் அது தளர்ந்துவிடும். தளர்ந்தால் கருவி விசில் அடிக்கும், பிள்ளை கழற்றி எறிந்துவிடும். இத்தனை ஆற்றல் கொண்ட கருவிக்குப் பேட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் வரும். மோல்டு, பேட்டரி, வேனுக்கு டீசல், ஆசிரியர் சம்பளம் இவற்றுக்குக் கொடுக்க மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை. இவற்றில் கொடுத்தவர் பெயரைப் பொறித்துக் கல்வெட்டு வைக்க இடமில்லை. இப்போது எந்த விண்ணப்பத்திலும் கருவியோடு மூன்று ஆண்டு மோல்டு, பேட்டரி செலவையும் சேர்த்தே எழுதுகிறோம், பிரித்துத் தர மறுக்கிறோம். சில அமைப்புகள் விலகின. ஒப்புக்கொண்டவை எங்களோடு நிலைத்திருக்கின்றன.

தந்தைக்குப் பிள்ளையைப் பள்ளி வேனில் தனியாக அனுப்பப் பயம். 2020 மே 30 அன்று எருசலேம் பழைய நகரில், தன் சிறப்புப் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஆட்டிசம் உள்ள இயாத் அல்-ஹல்லாக் இஸ்ரேல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை 2023 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. நாங்கள் சேர்க்கைத் தாள்களை நிரப்பிக்கொண்டிருந்த கோடை அது. அந்தத் தந்தையிடம் பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வேனில் எப்போதும் ஓர் ஆசிரியை உடன் வருவார், பிள்ளையின் கழுத்தில் அரபியிலும் எபிரேயத்திலும் 'காது கேளாதவர்' என்று எழுதிய அட்டை இருக்கும் என்று முடிவு செய்த பிறகே அவர் கையெழுத்திட்டார்.

பள்ளி திறந்து சில வாரங்களில் அக்டோபர் வந்தது. காசாவில் போர் தொடங்கியது, இங்கே சாலை வாயில்கள் மூடப்பட்டன, திருப்பயணிகள் நின்றுபோனார்கள். வேன் வர முடியாத நாட்களில் வீடியோ அழைப்பில் தாய்க்குப் பாடம் சொன்னோம், தாய் பிள்ளைக்குச் சொன்னார். 'பாபா', 'மாமா' இரண்டும் உதட்டில் ஒரே மாதிரித் தெரியும். பிள்ளையின் விரலைத் தன் மூக்கின் மேல் வைத்து, 'ம' சொல்லும்போது எழும் அதிர்வைத் தாயே உணரவைத்தார். அந்தப் பாடத்தை என்னைவிட அவர் நன்றாக நடத்தினார்.

இப்போது வேன் பெரும்பாலான நாட்களில் வந்துவிடுகிறது. பாட்டியை அவர்கள் 'ஸித்தி' என்று கூப்பிடுவார்கள். 'ஸ' உயர் அதிர்வெண் ஒலி என்பதால் கருவி போட்டும் அவளுக்கு எட்டவில்லை, 'இத்தி' என்கிறாள். பாட்டிக்கு அதுவே போதும் என்கிறார். எனக்குப் போதாது. உள்ளங்கையில் காற்றுப் படும்படி அந்த ஒலியைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அறுவைச் சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவியைப் பொருத்த முடியுமா என்று பார்க்கும் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறோம். துணைக்கு இந்த முறையும் பாட்டியின் பெயர்தான்.