திருப்புல்லாணியில் இருந்து பெரியபட்டினம் வரை

தை அமாவாசைக்குச் சேதுக்கரையில் முழுகிவிட்டுத் திருப்புல்லாணிப் பெருமாளைச் சேவித்துப் பாயசம் வாங்கி வருவது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் வழக்கம். கடலைக் கடக்க வழி வேண்டி இராமபிரான் தருப்பைப் புல்லில் கிடந்த இடம் இது என்று அப்பத்தா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். ஆனால் அதே கோயிலில் ஒரு பள்ளிவாசலுக்கு நிலம் விட்ட செய்தியைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது என்பது, நாற்பதை நெருங்கும் வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது.

பவித்திரமாணிக்கப்பட்டினம் என்னும் துறைமுக ஊரில் சோனகர்கள், அதாவது அரபு வணிகர் வழிவந்த முஸ்லிம்கள், தொழுத பிழார்ப்பள்ளி என்னும் பள்ளிவாசலுக்கு அந்த நிலம் இறையிலியாக, அதாவது வரி நீக்கி, விடப்பட்டிருக்கிறது. பெருமாள் கோயிலில் பள்ளிவாசலுக்கான அரசாணையைப் பொறிப்பதில் அன்றைக்கு யாருக்கும் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அதைப் படித்த நாள் முதல் அந்தப் பட்டினத்தைக் காண வேண்டும் என்ற தவிப்பு எனக்குள் இருந்தது. ஆய்வாளர்கள் சிலர் அதை இன்றைய பெரியபட்டினம் என்று கருதுகிறார்கள்.

சென்ற ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அங்கே போனேன். பனையும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடந்த மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் குனிந்து குனிந்து தேடுவதைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, ஈர மண்ணில் இருந்து ஒரு சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தது. ஒரு பக்கம் பாசிப்பச்சை மெருகு, அதில் மயிரிழை போல ஓடிய விரிசல்கள். உடைந்த விளிம்பு மட்டும் சாம்பல் கலந்த வெள்ளை. சீனத்தில் சுட்ட கிண்ணமோ தட்டோ, கப்பலேறி வந்து இங்கே உடைந்திருக்கிறது. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இவ்வூரில் நடத்திய அகழாய்வில் இத்தகைய சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் வெளியே போக, பாண்டியர் படைக்கு அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய காலம் அது.

"மழைக்கு அப்புறம் தன்னால மேல வரும் தம்பி. பாத்துட்டீகள்ல, எடுத்த எடத்துலயே வச்சிருங்க" என்றார் பெரியவர். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். கிடந்த மண்ணோடு இருக்கும்வரைதான் அந்தச் சில்லு தன் காலத்தைச் சொல்லும்; நம் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

கதை ஒட்டிக்கொண்ட இடங்களை நம் மக்கள் கைவிடுவதில்லை. தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை இராமன் கையால் நட்ட நவக்கிரகங்கள் என்று நம்புவதால் அங்கே கூட்டம் குறைவதே இல்லை. கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலத்தைக் குழந்தைகள்கூட வழி காட்டுகிறார்கள். நம்பி வந்த புலவருக்குக் கல்லறையில் இருந்து மோதிரக்கை நீண்டது என்னும் கதையும், 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் சொல்லும் அவரை இன்னும் ஊர்க்காரராகவே வைத்திருக்கின்றன.

அழகன்குளத்துக் கோட்டைமேட்டுக்கு அப்படி ஒரு கதை வாய்க்கவில்லை. வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மேட்டில், 1986-87 முதல் மாநிலத் தொல்லியல் துறை பல பருவங்கள் அகழாய்வு செய்து, உரோமானிய நாணயங்களையும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும், பாய்மரக் கப்பல் கீறிய ஓடு ஒன்றையும் எடுத்தது. கப்பலைக் கண்ணால் கண்டவன்தானே அதைப் பானையில் கீறியிருப்பான்! இவ்வளவு இருந்தும், நான் போன அன்று வழி கேட்ட மூன்று பேரில் ஒருவருக்குத்தான் மேடு எங்கே என்று தெரிந்திருந்தது.

தனுஷ்கோடியைப் பற்றி எனக்கு வேறொரு வருத்தம். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலும், பயணிகளோடு அலை வாரிக்கொண்ட பாம்பன் ரயிலும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1914 முதல் அரை நூற்றாண்டு காலம் தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த துறைமுகமாக அது வாழ்ந்ததை யாரும் கேட்பதில்லை. பேய் நகரம் என்று படம் பிடித்துப் போடுகிறவர்கள், அங்கே இன்றும் வலை இழுத்துப் பிழைக்கும் மீனவக் குடும்பங்களை எப்படி மறந்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. இடிந்த தேவாலயச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அது முருகைக்கல், பவளப்பூச்சி கட்டிய வரிகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும்.

இந்தத் தை அமாவாசைக்கு அம்மாவோடு திருப்புல்லாணி போனபோது, பாயசத் தூக்கோடு வெளியே நடந்தவரை நிறுத்திக் கல்வெட்டின் செய்தியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "உங்க அப்பத்தாவுக்கு இது தெரியாமப் போச்சேடா" என்றார். பிறகு, பெரியபட்டினத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.