17 சதவீதக் கார்பனும் என் ப்ராஜெக்ட் வைவாவும்

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.எஸ்சி. வேதியியலில் முதல் வகுப்பு, ஆனால் வைவா மதிப்பெண் மட்டும் காலை வாரிவிட்டது. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மன்னார்குடியில் எங்கள் தெருக்கோடி அரிசி ஆலையில் உமி மலையாகக் கிடக்கும். அதை 600 டிகிரியில் எரித்து, சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து, அமிலம் விட்டு சிலிக்கா ஜெல் எடுத்தேன். அதன்மேல் சி18 சங்கிலியை, அதாவது 18 கார்பன் கோத்த, தண்ணீரோடு ஒட்டாத சங்கிலியை ஒட்டி, கலவைகளைப் பிரிக்கும் ரிவர்ஸ் ஃபேஸ் குரோமட்டோகிராஃபிக்குத் தயார் செய்வதுதான் ப்ராஜெக்ட்.

ஒட்டுகிற வேலை கார்த்திகை அடைமழையில் வந்து விழுந்தது. 150 டிகிரியில் காயவைத்த சிலிக்காவைத் தராசில் வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி இலக்கம் மேலே ஏறும். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. சங்கிலியைச் சிலிக்காவில் ஒட்டும் ஆக்டாடெசைல்ட்ரைகுளோரோசிலேன் பாட்டிலைத் திறந்ததும் குப்பென்று வெள்ளைப் புகை வந்தது. அப்படியும் கரைப்பானான டொலுயீனின் ஈரத்தை நீக்காமலே ரிஃப்ளக்ஸ் போட்டு, ஆவி திரும்பி வடியும்படி கொதிக்கவைத்தேன்.

கார்பன் 17 சதவீதம் வந்தது. கால் தரையில் பாவவில்லை. சிலிக்காப் பரப்பில் சதுர மீட்டருக்கு 3.9 மைக்ரோமோல் சங்கிலி, ஒற்றை அடுக்கு என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் தேர்வாளர் அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்தார். “ஏம்மா, எந்த எடையால வகுத்தே?”

கணக்கை அவரே போட்டார். ஒரு கிராம் மாதிரியில் 0.17 கிராம் கார்பன். ஒரு மோல் சங்கிலியில் கார்பன் 216 கிராம். ஆக 787 மைக்ரோமோல். நான் அதை நேராக 200-ஆல் வகுத்திருந்தேன். ஆனால் 200 சதுர மீட்டர் என்பது ஒரு கிராம் வெறும் சிலிக்காவின் பரப்பு. என் மாதிரியில் கால்வாசி ஒட்டிய சங்கிலியின் எடை. சிலிக்கா முக்கால் கிராம்தான், பரப்பு 150. விடை 5.2.

“ஒற்றை அடுக்குல இவ்வளவு எப்படிம்மா நிக்கும்?”

வாயடைத்து நின்றேன். தண்ணீர் பட்டால் ட்ரைகுளோரோசிலேன் ஒன்றோடொன்று கைகோத்துப் பாலிமராகிவிடும். இதில் பெரிய கொடுமை, அப்படிப்பட்ட சி18-ஐ வேண்டுமென்றே தண்ணீர் சேர்த்துத் தயாரித்தும் விற்கிறார்கள். ஒரே வாய்பாடும் வேறு வடிவமும் கொண்ட பலவளைய ஹைட்ரோகார்பன் ஐசோமர்களைப் பிரிக்க அதுதான் தோது. இதை மட்டும் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

அடுத்து வருகிறவர்களுக்கு:

- இந்த வகுத்தலைக் கால்குலேட்டர் இல்லாமல் பத்து முறை போட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.
- சிலிக்காவில் சதுர மீட்டருக்குச் சுமார் 8 மைக்ரோமோல் சைலனால், அதாவது சங்கிலி ஒட்டுகிற Si–OH முனை. ஒற்றைக்குளோரோ சி18 சிலேன் போட்டால் 4-ஐத் தாண்டுவது கஷ்டம், இடம் போதாது. மிச்சத்தை ட்ரைமெத்தில்குளோரோசிலேனால் மூடுகிறோம். அதுவும் முழுசாக மூடாது. குரோமட்டோகிராஃபி வரைபடத்தில் அமீன்களின் பீக் வால் நீள்வது அதனால்தான். இதைப் பலகையில் வரைந்து பழகுங்கள். எனக்குக் கூட்டமாகப் படித்தால் ஏறாது, அதனால் தனியாக வரையச் சொல்கிறேன்.
- இந்தச் சி18 சிலிக்கா வழியாக ஓடும் திரவத்தின் பிஎச் 2 முதல் 8. கீழே போனால் சங்கிலி அறுந்துவிடும், மேலே போனால் சிலிக்காவே கரையும்.
- சிலேன் வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.
- சிலேனின் சிலிக்கானையும் (டி) சிலிக்காவின் சிலிக்கானையும் (கியூ) பிரித்துக் காட்டும் சிலிக்கான் என்எம்ஆர் பீக்குகளை இரண்டு வாரம் உருப்போட்டேன். ஒருத்தரும் கேட்கவில்லை.