லிஸ்பனில் ஒரு கோணமலைக்காரி

ஒக்டோபர் 14, லிஸ்பன்

15ஆம் இலக்க ட்ராம் பிடித்துத் தனியாக பெலெம் போனேன். ஜெரோனிமோஸ் மடாலயத் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையைச் சுற்றி ஒரே சனம். எனக்குப் பிடித்தது உள்முற்றத்துத் தூண்கள். முறுக்கிய கயிறும் கொடியும் இலையுமாகக் கல்லைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். 1501இல் தொடங்கிய வேலை. ஆபிரிக்க, ஆசிய வியாபாரத்தில் நூற்றுக்கு ஐந்து வரி எடுத்துத்தான் கட்டினார்களாம். வடிவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, அதுதான் எரிச்சல். அடுத்த நூற்றாண்டில், 1620களில், இதே நாட்டுக்காரர்தானே திருகோணமலையில் எங்கட கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டினவர்கள்.

ஆற்றங்கரையில் இவர்களின் கடலோடிகளுக்கு 1960இல் எழுப்பிய நினைவுச்சின்னம், 52 மீற்றர். அண்ணாந்து பார்த்துவிட்டு, 1837இலிருந்து நடக்கும் கடைக்குப் போய் முட்டைக் கிறீம் பேஸ்ட்ரி இரண்டு சாப்பிட்டேன். மேலே கறுவாத்தூள் தூவிக்கொள்ள வேணும். கறுவா இல்லாமல் இவர்களுக்கு ஒன்றும் இறங்காதுபோல.

ஒக்டோபர் 15, லிஸ்பன்

கார்மோ மடம். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலைப் பூசை நேரம் நிலம் நடுங்கியது. விழுந்த கூரையைத் திரும்பப் போடவேயில்லை. வளைவுகளுக்கு மேலே வெறும் வானம்.

ஊரில் இதைச் சொன்னால் “கோணேசர் சும்மா விடுவாரே?” என்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. செத்தது பூசைக்கு வந்த சனம். தப்பி ஆற்றங்கரை வெளிக்கு ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து அள்ளியிருக்கிறது. 2004 மார்கழியைக் கண்ட ஊர்க்காரி நான். அந்த இடத்தில் கனநேரம் நின்றேன். பிறகு பார்த்த கோட்டை, சதுக்கம் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை.

ஒக்டோபர் 21, திருகோணமலை

சித்தியோடு கோயிலுக்கு. கோட்டைக்குள்ளால்தான் வழி. வாசல் கல்லில் செதுக்கிய இரட்டைக் கயலை, பாண்டியரின் மீன் சின்னத்தை, கண்டதும் சித்தி கேட்டா:

“அங்க எங்கட கோயிலைப் பற்றி ஏதும் எழுதி வைச்சிருக்கிறாங்களே?”

“நான் பார்த்த இடங்களில இல்லை, சித்தி.”

“பின்னை ஏன் காசு குடுத்து டிக்கெட் எடுத்தனீ?”

போனில் தூண் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, விரலால் பெருப்பித்துப் பார்த்தா.

“கல்வேலைக்காரன் கெட்டிக்காரன்தான்,” என்றா. “சரி, நட. பூசைக்கு நேரமாகுது. அந்த மான் அர்ச்சனைத் தட்டில வாய் வைக்கப் போகுது, பார்!”