சாந்திக்கு முந்திய நாட்கள்

பிப்ரவரி 2
அப்பச்சியின் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வளவில் பாய் விரிக்க இடமில்லை. மாத்திரைப் புட்டியின் சீட்டைத் தண்ணீரில் நனைத்து உரித்தேன். மூடிக்கடியில் ஈரம் உறிஞ்சும் சிறு உருளையுடன் அதே புட்டியில்தான் மாத்திரைகள் இருக்கவேண்டும் என்பதால் வேறு டப்பாவுக்கு மாற்ற முடியாது. பசை முழுதும் போகவில்லை. 'டெனோ' வரை அழிந்து, 'போவிர்' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 4
"என்ன ராசா, தெனமும் ராத்திரி ஒரு மாத்திரை?" என்று அப்பத்தா கேட்டார்கள். சத்து மாத்திரை என்றேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தாம் சாப்பிடுகிறவற்றை அவர்கள் ஒரு தகர டப்பாவில் போட்டுத் தூணடியில் எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். என்னுடையதையும் அதிலேயே போட்டுவைக்கச் சொன்னார்கள்.

பிப்ரவரி 5
என்னவன் பல்லவன் ரயிலில் வருகிறான். ஆத்தாவிடம் 'அலுவலக நண்பர்' என்று சொல்லியாயிற்று.

பிப்ரவரி 7
புட்டியில் சொற்பமே மிச்சம். சென்னையிலிருந்து வரவேண்டிய கூரியரைக் காணோம். வேறு வழியின்றிக் காரைக்குடியில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். டெனோபோவிர் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிட்டபின் 200 என்று சீட்டில் இருந்ததைப் படித்தவர் குரலைத் தாழ்த்தி, "எத்தனை வருசமாத் தம்பி?" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, நான் எந்த வீட்டுப் பிள்ளை என்பதையும் சரியாகச் சொன்னார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எச்.ஐ.வி. வந்தவர்கள் சாப்பிடும் கூட்டு மாத்திரையிலும், லாமிவுடின், டொலுடெக்ராவிர் இவற்றோடு, இதே டெனோபோவிர்தான் இருக்கிறது. அவன் அரசு மையத்தில் இலவசமாக வாங்கிச் சாப்பிடுவதும் அதைத்தான். சிகிச்சை தொடங்கி அதிக காலம் ஆகாததால், அவனுடைய இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அங்கேயே ஆறு மாதமாவது நிலைக்கும்வரை நான் இதைத் தினமும் சாப்பிடவேண்டும். அதன்பிறகு உடலுறவின் வழியாக அவனிடமிருந்து எனக்குத் தொற்றாது என்பதால் இது தேவைப்படாது. "எனக்கில்லை, இது வராமல் தடுப்பதற்கு" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த முகம் தெளிந்திருக்கும். அவனைக் காட்டிலும் நான் ஒருபடி சுத்தமானவன் என்று சொல்லித்தான் அந்தத் தெளிவை வாங்கவேண்டுமென்றால் அது எனக்கு வேண்டாம். மருந்து அங்கே இருப்பில் இல்லை.

பிப்ரவரி 8
கூரியர் வரவில்லை.

பிப்ரவரி 10
தேவகோட்டையிலிருந்து பழைய சிநேகிதன் வந்திருந்தான். நம்மைப் போன்றவன்தான், மனைவியும் குழந்தைகளும் உண்டு. பேச்சுவாக்கில் மாத்திரையைப் பற்றிச் சொன்னதும், "அப்ப ஊரெல்லாம் சுத்துறேன்னு சொல்லு" என்று சிரித்தான். கடைக்காரராவது குரலைத் தாழ்த்தினார். சற்று நேரம் கழித்து, அதைப் போட்டால் ஆணுறையே வேண்டாமல்லவா என்று மெதுவாகக் கேட்டான். மேகநோய், வெட்டை போன்ற மற்றப் பாலியல் நோய்கள் இதற்குக் கட்டுப்படா என்பதையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனையும், அவ்வப்போது சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் செய்யவேண்டும் என்பதையும் விளக்கினேன். போகும்போது மருத்துவரின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டான். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 11
அவனுடைய வைரஸ் அளவுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லையாம். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முகப்பில் பலகாரத்துக்கு மாவு இடிக்கிறார்கள்.

பிப்ரவரி 13
கூரியர் வந்தது. நான் பந்தல்காரருடன் இருந்தபோது அக்காவான ஆச்சி கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார். மேல்மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது உறையின் ஓரம் பிரிந்திருந்தது.

"கைப்பேசியில பாத்தேன். இது வந்தவங்களுக்கா, வராம இருக்கவா?"

வராமல் இருக்க என்றேன்.

ஆச்சி வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த ஆபீஸ் தம்பிக்கு எங்கே பாய் போடுறது?" என்று கேட்டார். என் அறையிலேயே என்றேன். சரி என்றவர், சூரக்குடிக் கோவில் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருத்தியின் சாதகத்தை அப்பச்சி வாங்கிவைத்திருப்பதாகவும், சாந்தி முடிந்த மறுநாளே பேச்செடுப்பார் என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.