செமஸ்டர் முடிந்து கிளம்புவது: ஹாலேயில் என் கடைசி இரண்டு மாதங்கள்

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவருக்கு, போவதைப் பற்றிச் சொல்லித்தர ஆள் நிறையவே இருக்கிறார்கள். விசா, தங்குமிடம், எந்த ஜாக்கெட் குளிர் தாங்கும் என்று எதைக் கேட்டாலும் பதில் வந்துவிடும். முடித்துவிட்டுத் திரும்பி வருவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பெட்டியைக் கட்டி விமானம் ஏறினால் சரி என்ற நினைப்பு. நான் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில், மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகத்தில், எக்ஸ்சேஞ்ச் மாணவராக ஒரு குளிர்கால செமஸ்டர் படித்தேன், முதுகலை வரலாறு. போவதற்குச் செய்த ஏற்பாட்டுக்குக் கொஞ்சமும் குறையாத ஏற்பாடு திரும்புவதற்கும் வேண்டும் என்பதுதான் இதை எழுதக் காரணம். காகித வேலைகளுக்கு மட்டும் சொல்லவில்லை, மனசுக்கும் சேர்த்துத்தான்.

அங்கே குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. ஆனால் வகுப்புகள் பிப்ரவரித் தொடக்கத்தோடு நின்றுவிடும். அப்புறம் தேர்வுகள், அதற்கும் அப்புறம் ஹவுஸ்ஆர்பைட் என்று சொல்லும் நீண்ட கட்டுரை, அதைப் பெரும்பாலும் மார்ச் கடைசிவரை எழுதலாம். இதனால் நடப்பது என்னவென்றால், எல்லோருக்கும் ஒரே நாளில் செமஸ்டர் முடிவதே இல்லை. எழுத்துத் தேர்வு மட்டும் உள்ளவர் பிப்ரவரி நடுவிலேயே டிக்கெட் போட்டுவிடுவார், கட்டுரை பாக்கி உள்ளவர் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார். எங்கள் விடுதித் தளத்தில் பொதுச் சமையலறை, அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் வாரத்துக்கு ஒருவராகக் கிளம்பினார்கள். வியட்நாமிலிருந்து வந்திருந்த தோழி முதலில் போனாள், ஜார்ஜியாக்காரர் அடுத்து. எல்லோரும் சேர்ந்து கைகாட்டிப் பிரிகிற காட்சியை எதிர்பார்த்திருந்தால் அது நடக்காது. ஆகவே சேர்ந்து சாப்பிட, சேர்ந்து எங்காவது போக ஆசை இருந்தால், ஜனவரியிலேயே செய்துவிடுங்கள். நாங்கள் அப்படி ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலே ஆற்றங்கரையில் கீபிஷென்ஷ்டைன் கோட்டைவரை நடந்து போனோம். பயங்கரக் குளிர், யாருக்கும் நிற்க முடியவில்லை, ஆனாலும் எல்லோரும் இருக்கும் படம் என்னிடம் அன்று எடுத்த ஒன்றுதான்.

கடைசி வகுப்பு ஒரு கருத்தரங்கு. ஜெர்மனியில் வகுப்பு முடிந்தால் கைதட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள். அது ஒவ்வொரு வாரமும் நடப்பதுதான், இரண்டு மூன்று நொடி இருக்கும். அன்றைக்கு நின்றபாடில்லை. பேராசிரியர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார், அவர் காது சிவந்துவிட்டது. நானும் தட்டினேன். முதல் வாரத்தில் இது என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்த எனக்கு, அன்று கை தானாகவே போயிற்று. எவ்வளவு தூரம் அந்த இடத்துக்குப் பழகியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

தேர்வில் ஒன்று வாய்மொழித் தேர்வு. நம் ஊர் வைவா மாதிரி இருக்கும் என்று போனால் அதைவிட அமைதியாக இருந்தது. ஒரு சின்ன அறை, கேள்வி கேட்க ஒரு பேராசிரியர், எதுவும் பேசாமல் நான் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ள இன்னொரு ஆசிரியர். பத்து நிமிடம் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, மிச்ச நேரம் பாடம் முழுவதிலிருந்தும் கேள்விகள். முடிந்ததும் வெளியே போய் நிற்கச் சொல்வார்கள், இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து உள்ளே கூப்பிட்டு அங்கேயே மதிப்பெண் சொல்லிவிடுவார்கள். தாழ்வாரத்தில் நின்ற அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியாது. எனக்கு 1.7 கிடைத்தது. நம்மவர்களுக்கு இதைச் சொன்னால் பதறுவார்கள், அங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. மதிப்பெண்ணைவிட, ஏன் 1.7, எந்தக் கேள்வியில் ஆழம் போதவில்லை என்று எதிரில் உட்கார வைத்து அவர் விளக்கியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இத்தனை வருடப் படிப்பில் அப்படி யாரும் எனக்கு விளக்கியதில்லை.

இனி காகித வேலை. இதில் வரிசைதான் முக்கியம், எது எதற்கு ஆதாரம் என்று தெரிந்துவிட்டால் பயமில்லை. எல்லாவற்றுக்கும் அடிவேர் அப்மெல்டுங், அதாவது நகர அலுவலகத்தில் போட்ட முகவரிப் பதிவை நீக்குவது. வந்ததும் இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்கிறோம் அல்லவா, நாட்டை விட்டுக் கிளம்பும்போது அதை எடுத்தாக வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, கிளம்பி இரண்டு வாரம் வரை செய்யலாம். அதற்குமுன் போனால் வாங்க மாட்டார்கள். அதற்குக் கொடுக்கும் ஒற்றைத் தாளைத் தங்கம் மாதிரி பத்திரப்படுத்துங்கள், ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வையுங்கள். மருத்துவக் காப்பீட்டை நிறுத்த அது வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ என்று வரும் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்தவும் அது வேண்டும். முகவரியை நீக்கினால் அது தானாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பகிர்ந்து தங்கிய வீட்டில் அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், தொடர்ந்து இருக்கப்போகிறவர் பெயரில் ஒன்று திறந்த பிறகு மூடுங்கள். விசாவுக்காக மாதத்துக்கு 992 யூரோ என்று கணக்குப் போட்டு முடக்கி வைத்த பணத்தில் மிச்சம் இருந்தால், அதை விடுவிக்கவும் எனக்குக் கணக்கு வைத்திருந்த இடத்தில் இதே தாளைத்தான் கேட்டார்கள்.

வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். அறைக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வர வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். அது அந்தக் கணக்குக்குத்தான் வரும். லோவன்போர்ட்டல் என்ற பல்கலைக்கழக மாணவர் இணையதளத்தில் இருக்கும் சேர்க்கைச் சான்றிதழ், தேர்வு முடிவு எல்லாவற்றையும் மாணவர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்குவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் வந்த கடிதங்களும் அப்படித்தான்.

அறையை ஒப்படைப்பது தனிக் கதை. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் காலை எட்டு மணிக்கு வந்தார், சரியாக எட்டு. முந்தைய நாள் முழுக்கத் தேய்த்திருந்தேன். குழாயிலும் குளியலறைக் கண்ணாடியிலும் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, சிட்ரிக் அமிலப் பொடியைக் கரைத்து ஊறவைத்துத்தான் போக்கினேன். அவர் தரையைப் பார்க்கவே இல்லை. நேராகக் குளிர்பெட்டியைத் திறந்து, கதவின் ரப்பர் மடிப்பைக் கட்டைவிரலால் விரித்து உள்ளே பார்த்தார். அப்புறம் ஜன்னல் கீல். மேஜையில் ஒரு தீக்காயம் இருந்தது, எனக்கு முன்பு இருந்தவர் வைத்தது. நான் அறைக்குள் வந்த அன்று கையெழுத்திட்ட பட்டியலில் அதைச் சொல்லி எழுத வைத்திருந்தேன், படமும் எடுத்து வைத்திருந்தேன். அவர் பட்டியலைப் புரட்டி அந்த வரியில் விரல் வைத்து, "ஆ, இதோ" என்றார். ஒரு பைசா பிடிக்கவில்லை. செமஸ்டரின் முடிவு அதன் முதல் நாளிலேயே தொடங்குகிறது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருட்களில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். குக்கர், போர்வை, சைக்கிள் விளக்கு எல்லாமே எனக்கும் முன்பு வந்தவர்களிடமிருந்து கிடைத்தவைதான். ஏப்ரலில் வரப்போகும் ஒரு பெண்ணுக்காக அடுத்த தளத்து அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றை மட்டும் தேர்வெல்லாம் முடிந்த பிறகு நிதானமாகப் பார்க்க என்றே வைத்திருந்தேன். ஹாலேயில் ஃபிராங்க்கே அறநிலையம் இருக்கிறது, டிராமில் ஃபிராங்க்கேப்ளாட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரேயே. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர் இது. தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அங்கே அனுப்பியதும், அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூலை 1716-இல் அச்சிட்டதும் இங்கேதான். பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் மாடி உச்சியில் பதினெட்டாம் நூற்றாண்டு அலமாரிகளோடு ஓர் அருங்காட்சிக் கூடம், கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. அங்கிருந்த காப்பகத்தில் தமிழ்ப் பனையோலைச் சுவடிகளும் இருக்கின்றன. வரலாறு படிக்கும் எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் அந்த மாடியில் நின்றபோது எனக்கு நினைவு வந்தது மலையப்பன். 1714-இல் சீகன்பால்குவோடு கப்பலேறி ஐரோப்பா வந்த தமிழ் இளைஞர். திரும்பிப் போகும்போது அவர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தபடி ரொம்ப நேரம் நின்றேன். அவர் யாரிடம் சொல்லியிருப்பார், கேட்டவர்களுக்கு எவ்வளவு புரிந்திருக்கும்? அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. என் கட்டுரையின் தலைப்பையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன், பேராசிரியரும் சம்மதித்தார்.

ஊருக்கு வந்தபின் ஒரு மாதம் கொஞ்சம் கஷ்டம்தான். எல்லோரும் "எப்படி இருந்தது" என்று கேட்பார்கள், இரண்டு வாக்கியத்துக்குமேல் கேட்கப் பொறுமை இருக்காது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே கூட இருந்தவர்களோடு பேசுங்கள். எங்கள் சமையலறைக் கும்பல் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

கிரெடிட் விஷயம் கடைசி. போகும்முன் நான், இங்குள்ள துறை, அங்குள்ள துறை என்று மூன்று தரப்பும் கையெழுத்திட்ட லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது அங்கே எந்தெந்தப் பாடம் படிப்பேன் என்ற ஒப்பந்தம், இருக்கிறது. பாடம் எதையாவது மாற்றினால் அதையும் அங்கே இருக்கும்போதே திருத்திக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், வந்தபின் மின்னஞ்சலில் துரத்துவது பெரும்பாடு. ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை 30 ஈசிடிஎஸ், அது ஐரோப்பியக் கிரெடிட் கணக்கு. எனக்கு முதலில் வந்த டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், ஹவுஸ்ஆர்பைட் பாடம் இல்லை, ஏனென்றால் பேராசிரியர் திருத்திப் பதிவேற்ற மே மாதம் ஆகிவிட்டது, அங்கே அது சாதாரணம். இங்குள்ள அலுவலகத்தில் முதல் டிரான்ஸ்கிரிப்டைக் கொடுக்கும்போதே, இன்னொரு பாடம் பாக்கி, முடிவு பின்னால் வரும் என்று கடிதம் எழுதி முத்திரை வாங்கி வைத்திருந்தேன். திருத்திய டிரான்ஸ்கிரிப்ட் வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். கிளார்க் அண்ணன் நான்கு பாடங்களையும் ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்றி, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார். என் குளிர்கால செமஸ்டர் உண்மையில் முடிந்தது ஜூன் மாதத்தில், அந்த மேஜைக்கு முன்னால்.