நாடுகளின் மௌனத்தை ஆய்வேடாக்கியபோது

இளநிலைச் சட்டப் படிப்பில் ஒரு தீர்ப்பின் சுருக்கம் தெரிந்தால் தேர்வை எழுதிவிடலாம். பன்னாட்டுச் சட்ட முதுநிலையில் அந்தச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. முதல் பருவத்தில் படித்த லோட்டஸ் வழக்கே இதற்குச் சான்று. 1926-இல் நடுக்கடலில் பிரெஞ்சுக் கப்பலும் துருக்கியக் கப்பலும் மோதி எட்டுத் துருக்கியர் இறந்தனர். பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி விசாரிக்கலாமா என்ற கேள்வியில், இன்றைய பன்னாட்டு நீதிமன்றத்தின் முன்னோடியான நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் 1927-இல் ஆறுக்கு ஆறு எனப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால் துருக்கிக்குச் சாதகமாக முடிவு செய்தது. வெளிப்படையான தடை இல்லாதவரை நாடுகளுக்குச் சுதந்திரம் உண்டு என்ற ஒற்றை வரிக்காகவே இவ்வழக்கு பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு பத்தி. இத்தகைய விபத்துகளில் பிற நாடுகள் வழக்குத் தொடராமல் இருந்திருக்கின்றன என்று பிரான்ஸ் வாதிட, விலகியிருப்பது தம் கடமை என்ற உணர்வோடு அவை விலகியிருந்தால்தான் அதை வழக்காறு, அதாவது நாடுகளைக் கட்டுப்படுத்தும் எழுதப்படாத சட்டம், எனக் கொள்ள முடியும் என்று நீதிமன்றம் மறுத்தது. (மோதல் விபத்துகளைப் பற்றிய அந்த முடிவைப் பின்னர் 1958, 1982 ஆம் ஆண்டுகளின் கடல் சட்ட உடன்படிக்கைகள் மாற்றிவிட்டன, பத்தி மட்டும் நிலைத்திருக்கிறது.)

ஒரு நாடு எதுவும் செய்யாமல், எதுவும் சொல்லாமல் இருப்பதற்குச் சட்டத்தில் என்ன பொருள் என்பதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். அது ஓர் ஆய்வேட்டில் அடங்காது என்று நெறியாளர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் உறுப்பின்படி, தற்காப்புக்காகப் படைபலத்தைப் பயன்படுத்தும் நாடு அதை உடனே பாதுகாப்பு அவைக்கு அறிவிக்க வேண்டும். அப்படி அனுப்பப்படும் கடிதங்களுக்கு மற்ற நாடுகள் மறுப்புத் தெரிவிக்காமல் இருந்தால், கடிதத்தில் உள்ள சட்ட வாதத்தை அவை ஏற்றதாகுமா என்ற அளவுக்குத் தலைப்பு குறுகியது. சிரியாவில் நடத்திய தாக்குதல்களுக்காக அமெரிக்கா 2014 செப்டம்பரில் அனுப்பிய கடிதத்தை மைய எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டேன். தன் மண்ணில் இயங்கும் ஆயுதக் குழுவைத் தடுக்க இயலாத அல்லது விரும்பாத நாட்டின் எல்லைக்குள் புகுந்து தாக்கலாம் என்ற சர்ச்சைக்குரிய வாதம் அதில் இருக்கிறது.

மௌனம் சம்மதம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பன்னாட்டு நீதிமன்றம் அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. 1951-ஆம் ஆண்டின் மீன்பிடி வழக்கில், நார்வே தன் கடலெல்லையை வரைந்த முறை ஊரறிந்ததாக இருந்தும், வட கடலில் நேரடி அக்கறை கொண்ட பிரிட்டன் நெடுங்காலம் பேசாதிருந்தது அதற்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. 1962-இல் தீர்ப்பளிக்கப்பட்ட பிரேயா விஹார் கோயில் வழக்கு இன்னும் சுவையானது. கோயிலைக் கம்போடியப் பக்கம் காட்டிய வரைபடத்தைப் பெற்றுக்கொண்ட சயாம் (இன்றைய தாய்லாந்து), மறுப்பேதும் சொல்லாததோடு, மாகாண ஆளுநர்களுக்காக இன்னும் பதினைந்து படிகளைக் கேட்டுப் பெற முனைந்திருந்தது. வெறும் மௌனத்துக்கும் இத்தகைய நடத்தையோடு கூடிய மௌனத்துக்கும் உள்ள தூரத்தை அளப்பதில்தான் என் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் கழிந்தது. அதற்குப் பெரும்பான்மைத் தீர்ப்பைவிட, நீதிபதி அல்ஃபாரோவின் தனிக் கருத்துரையும் நீதிபதி ஸ்பெண்டரின் நீண்ட மாறுபட்ட கருத்துரையுமே உதவின. தீர்ப்போடு நிறுத்திக்கொள்பவர் வாதத்தில் பாதியை இழக்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

அளவுகோலாக, ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2018-இல் வெளியிட்ட வழக்காற்றுச் சட்ட முடிவுரைகளை எடுத்துக்கொண்டேன். எதிர்வினையாற்றும் நிலையில் அந்த நாடு இருந்திருக்க வேண்டும், சூழலும் எதிர்வினையைக் கோரியிருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால்தான் காலப்போக்கில் மௌனம் சட்ட ஏற்புக்குச் சான்றாகலாம் என்கிறது பத்தாவது முடிவுரை. பிறகு வந்த மாதங்கள் தேடலில் போயின: பாதுகாப்பு அவை ஆவணங்கள், பொதுச் சபையின் ஆறாவது குழுவான சட்டக் குழுவின் சுருக்கப் பதிவுகள், வெளியுறவு அமைச்சகங்களின் அறிக்கைகள். இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் தூதரக வழியில் தனிப்பட்ட முறையில் தெரிவிக்கப்படும் கண்டனங்கள் பெரும்பாலும் வெளிவருவதே இல்லை. ஆகவே, பொதுவெளியில் மௌனமாகத் தோன்றும் நாடு உண்மையிலேயே மௌனமாக இருந்ததா என்ற ஐயத்தை ஆய்வேடு முழுவதும் சுமக்க வேண்டியிருந்தது. இக்கடிதங்களின் வெளிப்படைத்தன்மையைப் பற்றி 2021-இல் மெக்சிகோ கூட்டிய முறைசாராக் கூட்டம் அந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தது.

வாய்மொழித் தேர்வில் கேள்விகள் கோயில் வழக்கைச் சுற்றியே வந்தன. இரு நாடுகளுக்கிடையிலான எல்லைத் தகராறில் மௌனத்துக்குக் கிடைத்த எடையை, எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் பொது வழக்காற்றுக்கு எப்படிக் கொண்டுவரலாம் என்று ஒரு தேர்வாளர் விடாமல் கேட்டார். அப்படியே கொண்டுவர முடியாது என்பதே என் விடை. வரைபடம் சயாமின் கையில் நேரடியாகத் தரப்பட்டது, 51-ஆம் உறுப்புக் கடிதமோ யாரையும் குறிப்பாக நோக்கிப் பதில் கேட்பதில்லை. அந்த வேறுபாட்டைத் தனிப் பிரிவாக விரித்து எழுதிச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்த பிறகு ஆய்வேடு ஏற்கப்பட்டது.